ஊசிக்கு இருந்த விரதம்

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுக்காரர்கள் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேருடைய வாளிகளிலும் கண்ணாடிக் குழலை விட்டு, றப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பால் ஸ்டோரில் என் வேலை. நோபர்ட்டின் வாளியில் மட்டும் நான் குழல் விட்டதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் தன்னோடு பேசுகிறார்கள் என்று பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் அவன். ஆனால் ஒரு சிரட்டைத் தண்ணீர் கலக்கத் தெரியாது. புத்தி சரியாக இருந்த மற்றவர்கள்தான் கலந்தார்கள். நானே பிடித்திருக்கிறேன்.

நான் சொல்வது எண்பத்தாறாம் ஆண்டுக் கதை. யட்டவத்த சந்தியிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், மேலே ஏறினால் எங்கள் தோட்டம். மேலே கொக்கோவும் மிளகும், கீழே றப்பர். கலவரத்தில் மாத்தளைக் கடைத்தெரு எரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எரிந்த கடைகள் சிலவற்றில் புதுத் தகரம் போட்டு வியாபாரம் நடந்தது, சிலவற்றில் செடி முளைத்திருந்தது. இப்போது நான் மகளோடு வத்தளையில் இருக்கிறேன். காற்றாடி இருக்கிறது, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஆனாலும் பாலும் அசிட்டும் கலந்த அந்தப் புளித்த வாடை இல்லாமல் எனக்கு விடிந்த மாதிரியே இல்லை. மற்றவர்களுக்கு அது குமட்டும். எனக்கு அதை நினைத்தால் பசிக்கும், காலையில் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்ற பழக்கம் அப்படி.

நோபர்ட்டும் அவன் அக்கா அந்தோனியம்மாவும் லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த காம்பரா, ஒற்றை அறைதான். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நானும் என் பெண்சாதி புஷ்பவதியும் இருமுவோம். அதனால் அந்த வீட்டுப் பேச்சு முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்து விழும். அக்கா தம்பி பேச்சு மட்டுமா? நோபர்ட் அந்த ஆட்களுக்குச் சொல்லும் பதிலும் விழும். "சரிங்க... இல்லீங்க... நாளைக்குச் செஞ்சிர்றேங்க" என்று அவ்வளவு பணிவாகச் சொல்வான். பெரிய துரைக்குக்கூட அவன் அந்த மரியாதை கொடுத்ததில்லை. அவர்களுக்கு அவன் வைத்த பேர் 'அவங்க'. வேறு பேர் கிடையாது.

நல்லாக இருக்கிற மாதங்களில் அவனை மாதிரி வெட்டுக்காரன் யட்டவத்தப் பக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லை, இது சத்தியம். முன்னூறு மரம் அவனுக்கு. கத்தி பட்டையில் ஒரு நூல் கனத்துக்கு மேல் இறங்காது. மரத்துக்குக் காயம் வராது. பனி விலகுவதற்குள் முன்னூறையும் முடித்துவிட்டு, கல்லில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பான். அந்தச் சமயம் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும், பேசவே வேண்டாம். சிரட்டைகளில் பால் சொட்டுகிற சத்தம் மலை முழுக்கக் கேட்கும். அந்தக் காலைகளில் பாதியைத் திருப்பித் தந்தால் இந்தக் காற்றாடியை யாருக்காவது சும்மா கொடுத்துவிடுவேன்.

கெட்ட மாதங்களில் குடிப்பான். ஆற்றோரத்தில் காய்ச்சுகிற கசிப்பு. குடித்துவிட்டு அடிதடி எல்லாம் கிடையாது. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் அவனுக்கு மாதம் ஒரு ஊசி. எட்டு வருஷமாக அந்தோனியம்மாதான் கூட்டிக்கொண்டு போவாள். வேதக்காரி, அதிலும் பழைய வேதக்காரி. நற்கருணை வாங்குவதென்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். கோயில் சாமியார் அந்தச் சட்டத்தைத் தளர்த்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தோனியம்மா தளர்த்தவில்லை. அதே சட்டத்தைத்தான் தம்பியின் ஊசிக்கும் வைத்தாள். ஊசிக்கு முன்னால் மூன்று நாள் அவன் வாயில் ஒரு சொட்டுக் கசிப்புப் படக் கூடாது. ஊசி நாளன்று வெறும் வயிறு. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பூசைக்குப் போகிற மாதிரி பஸ் ஏறுவார்கள். அந்த மூன்று நாளில் ஒரு நாள் குடித்துவிட்டான் என்றால் அந்த மாதம் ஊசி இல்லை.

புஷ்பவதி ஒருதரம் கேட்டாள்.

"ஏங்க்கா, குடிச்சாலும் ஊசி ஊசிதானே? கூட்டிட்டுப் போனா என்ன?"

"என்னடி புள்ள பேசுறே? அழுக்கு ஒடம்புல அத ஏத்துறதா? நல்லது போற எடத்துல கெட்டது இருக்கப்படாது. ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க, குடிக்கப்படாதுன்னு."

"அது மூணு நாள்னு சொன்னாங்களா?"

"எல்லாத்தயும் டொக்டரா சொல்லுவாரு? நமக்கும் புத்தி இருக்குல்ல."

சிரிக்காதீர்கள். நானும் அது சரி என்றுதான் நினைத்தேன். மாரியம்மனுக்குத் தீ மிதிக்க விரதம் பிடிக்கிற ஆள் நான். சுத்தமாக இருந்தால்தான் எதுவும் பலிக்கும் என்று எனக்கும் சின்னதிலிருந்து பழக்கிவிட்டிருந்தார்கள். அந்தோனியம்மா ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போகாத மாதங்களில் "நல்ல வேலை செஞ்சீங்கக்கா" என்று சொன்ன வாய் இது.

அந்த வருஷம் வைகாசி, ஆனி, ஆடி என்று மூன்று மாதமும் ஊசி தவறியது. ஆவணியில் றப்பர் காய்கள் பட்டுப் பட்டென்று வெடிக்கத் தொடங்கின. கொட்டை தகரத்தில் விழும்போதெல்லாம் நோபர்ட் திடுக்கிட்டுத் திரும்புவான். ஒரு நாள் பதினொரு மணியாகிவிட்டது, எல்லா வாளியும் வந்துவிட்டது, அவனுடையது வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் மரங்களுக்கெல்லாம் கட்டு. வெட்டின இடத்தில் துணி சுற்றியிருக்கிறது. அந்தோனியம்மாவின் பழைய சேலை, அவனுடைய சாரம், அரிசிச் சாக்கு, எல்லாம் கிழித்துக் கட்டியிருக்கிறான். சிரட்டைகள் காய்ந்து கிடக்கின்றன. அவன் வியர்க்க வியர்க்க அடுத்த மரத்துக்குக் கட்டுப் போடுகிறான்.

"அடப்பாவி, என்னடா பண்றே?"

"சத்தம் போடாதீங்கண்ணே. ரத்தம் நிக்கட்டும்."

"பாலுடா அது! ரத்தமில்ல!"

"பாலுன்னு எனக்குத் தெரியுதுண்ணே. அவங்களுக்குத் தெரிய மாட்டேங்குதே. தெனம் வெட்டிட்டு வெட்டிட்டுப் போறியே, ஒரு கட்டுப் போட மாட்டியான்னு கேக்குறாங்க. எல்லா மரத்துக்கும் போட்டுட்டா விட்டுர்றோம்னாங்க. இன்னும் நாப்பதுதான் இருக்கு. துணி காணல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேன். அவன் கையைப் பார்த்தேன். விரல் எல்லாம் சாக்கு நார் அறுத்துப் புண். தோளில் கிடந்த துவாயை நாடா நாடாவாகக் கிழித்து அவனிடம் கொடுத்தேன். நாற்பது மரத்துக்கும் இரண்டு பேருமாகக் கட்டுப் போட்டோம். பாதியில் சின்னத் துரை வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

சின்னத் துரை தோட்டத்து உதவி மனேஜர், சிங்கள ஆள், கெட்டவர் இல்லை. அன்று பின்னேரம் என்னையும் அந்தோனியம்மாவையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"செல்லச்சாமி, எனக்கு கோவம் இல்ல. ஆனா முன்னூறு மரத்துப் பால் போச்சு. பெரிய தொரை கேக்குறாங்க. இவன் வேலை செய்யலாம்னு டொக்டர் துண்டு எழுதிக் குடுக்கணும். குடுத்தா மரம் திருப்பித் தாறேன். இல்லேன்னா பேர் வெட்டத்தான் வேணும். அது வரைக்கும் ஸ்டோர்ல வாளி கழுவட்டும்."

பேர் வெட்டுவதென்றால் வேலை போவது மட்டுமில்லை. அந்தோனியம்மாவுக்கு முழங்கால் போய், அவள் பேர் எப்போதோ பதிவிலிருந்து எடுபட்டுவிட்டது. காம்பரா நோபர்ட்டின் பேரில்தான் இருந்தது. ஆபீசிலிருந்து லயத்து வாசலுக்கு வந்ததும் அவள் படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

"காம்பரா போனாப் போகட்டும் தம்பி. கோயில் வெறாந்தாவுல கெடந்துக்குவேன். மரத்த எடுத்துட்டா இவன் காலையில எந்திரிச்சி எங்க போவான்? சொல்லு. அந்த முன்னூறு மரம் இல்லாட்டி இவனுக்கு அவங்க மட்டுந்தானே மிச்சம்?"

புஷ்பவதி உள்ளே போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஊசி நாளுக்கு முன்னால் மூன்று நாளும் அந்தோனியம்மா அவனை விட்டு நகரவில்லை. வாசலில் பாய் போட்டுப் படுத்தாள். அவன் குடிக்கவில்லை. நான்காம் நாள் விடியக்காலை வெள்ளைச் சட்டை, வெறும் வயிறு, நானும் துணைக்கு, மூன்று பேருமாக மாத்தளைக்குப் போனோம். கிளினிக் வரிசை நீளமாக இருந்தது. பத்தரை மணியிருக்கும், நோபர்ட் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தான்.

உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். டொக்டர் உருத்திரமூர்த்தி யாழ்ப்பாணத்து மனுஷன், மெலிந்த ஆள், மூக்கில் கண்ணாடி. நாடி பிடித்தார், கண்ணைப் பார்த்தார்.

"காலமை என்ன சாப்பிட்டவர்?"

"ஒண்ணும் சாப்புடலீங்க டொக்டர். சுத்தமாத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் அந்தோனியம்மா. குரலில் பெருமை இருந்தது.

"சுத்தமாயோ? ஊசிக்குச் சாப்பிடாமல் வரச்சொல்லி ஆர் சொன்னது?" டொக்டர் கிளினிக் அட்டையைப் பிரட்டினார். "போன வருஷம் பன்ரண்டு தரம் வரவேணும். நாலு தரம்தான் வந்திருக்கிறார். ஏன்?"

"அந்த மாசமெல்லாம் குடிச்சிட்டான் டொக்டர். குடிச்சா நான் கூட்டிட்டு வர மாட்டேன். மூணு நாள் சுத்தமா இருந்தாத்தான்."

டொக்டர் அட்டையைக் கீழே வைத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"அம்மா, இது கோயிலில்லை. குடிச்ச மாதம்தான் இவர் கட்டாயம் வரவேணும். குடிவெறியோடை வந்தால் இருத்தி வைச்சு, பார்த்துப் போடுவம். அது என்ர வேலை. கூட்டிக்கொண்டு வாறது மட்டும்தான் உங்கட வேலை."

"குடிக்கப்படாதுன்னு சொன்னீங்களே டொக்டர்?"

"குடிக்கக் கூடாதுதான். அதுக்காக ஊசியை நிப்பாட்டச் சொல்லேல்லையே."

"அப்ப எட்டு வருஷமா நான் பண்ணினது பாவமா?"

"பாவம் புண்ணியம் எனக்குத் தெரியாதம்மா. ஊசி போட்டிருந்தால் இவருக்குச் சுகமாய் இருந்திருக்கும்."

ஊசி போட்டார்கள். துண்டு மட்டும் கிடைக்கவில்லை. "இண்டைக்கு எழுதினால் அது பொய். நாலு கிழமை கழிச்சுக் கொண்டு வாங்கோ, ஆளைப் பார்த்துத்தான் எழுதுவன்" என்றுவிட்டார். சின்னத் துரையிடம் போய்க் கெஞ்சினேன். அந்த நாலு கிழமைக்கு அவர் சம்மதித்தார். அதற்கு மேல் ஒரு நாளும் தன்னால் முடியாது என்றார்.

அந்த நாலு கிழமையை நான் மறக்க மாட்டேன். நோபர்ட் ஸ்டோரில் என்னோடு வாளி கழுவினான். முதல் கிழமை தலையைக் குனிந்தபடியே இருந்தான். இரண்டாம் கிழமை முடிவில் ஒரு காலை, நான் ஒரு வாளியில் குழல் விட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "அண்ணே, அது பாலா, மோரா?" என்றான். வாளிக்காரன் முழித்த முழியைப் பார்த்து ஸ்டோரே சிரித்தது. நோபர்ட் பகிடி விட்டு எத்தனை வருஷம்! ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தால் வாங்கித் தின்றான். ஐப்பசி மழை தொடங்கி பால் வெட்டு இல்லாத நாட்களில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தன் மரங்களைப் பார்த்துவிட்டு வருவான். இன்னொருவன் வெட்டுகிறான், ஆழமாக வெட்டுகிறான் என்று குறைப்படுவான். சுவருக்கு அந்தப் பக்கம் "சரிங்க, சரிங்க" குறைந்தது. அக்காவும் தம்பியும் மரவள்ளிக் கிழங்கு நன்றாக அவிந்ததா இல்லையா என்று சண்டை பிடித்தார்கள். புஷ்பவதி என்னைப் பார்த்து, "கேட்டீங்களா? கெழங்குக்குச் சண்ட போடுறாங்க" என்று கண்ணைத் துடைத்தாள்.

ஊசி நாளுக்கு முதல் நாள் பின்னேரம் மழைக்குள் வந்தான். வாசலுக்கு வரும் முன்னமே வாடை வந்துவிட்டது. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

விடிந்ததும் அந்தோனியம்மா எங்கள் வாசலில் நின்றாள். தூங்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"தம்பி, போறதா, வேணாமா? இந்த வாடையோட போனா அந்த டொக்டர் துண்டு குடுப்பாரா? குடுக்காட்டி மரம் போச்சு. போகாட்டி ஊசி போச்சு."

புஷ்பவதிதான் முந்திக்கொண்டாள். "மூணு நாள் பொறுங்கக்கா. காய்ச்சல்னு சொல்லி, தெளிஞ்ச பொறகு கூட்டிட்டுப் போனா துண்டாவது நிச்சயம் கெடைக்கும். தொரைட்ட இவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாரு."

எனக்கும் அதுதான் புத்தியாகப் பட்டது. அந்தோனியம்மா தலையை ஆட்டினாள்.

"எட்டு வருஷம் நான் அதத்தானே புள்ள செஞ்சேன். தெளியட்டும் தெளியட்டும்னு பாத்துத்தான் இவன இப்பிடி ஆக்கினேன். துண்டு கெடைக்காட்டி போகுது. ஊசிய விட மாட்டேன்."

போய் அடுப்பை மூட்டினாள். ரொட்டி சுட்டாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பத் திருப்ப, சம்பலைத் தொட்டு வாயில் திணித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. "முழுங்குடா. வெறும் வயித்தோட நீ போகப்படாது" என்று அந்தோனியம்மா சொல்லி நான் கேட்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அன்றும் நான் துணைக்குப் போனேன். பஸ்ஸில் சரியான சனம். எங்களுக்கு முன்சீட்டில் இருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோட்டத்தில் தம்பி குடித்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற அந்தோனியம்மா, அன்று பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னாள்.

"ஆமாம்மா, என் தம்பிதான். குடிச்சிருக்கான். ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நோபர்ட் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

டொக்டர் உருத்திரமூர்த்தி கிட்ட வந்ததும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நேற்று எவ்வளவு?"

"அரைப் போத்தல் டொக்டர்."

"காலமை சாப்பிட்டனீரோ?"

"மூணு ரொட்டி. அக்கா ஊட்டி விட்டிச்சி."

டொக்டர் சிரித்துவிட்டார். பெஞ்சில் மத்தியானம் வரைக்கும் இருத்தி வைத்தார்கள். அவர் இரண்டு தரம் வந்து பார்த்தார், அவனோடு வேலையைப் பற்றிப் பேசினார், எத்தனை மரம், எத்தனை மணிக்கு எழும்புவாய் என்று கேட்டார். முன்னூறு மரத்தையும் நோபர்ட் வரிசை வரிசையாகச் சொல்லத் தொடங்கவே டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். பிறகு ஊசி. பிறகு மேசைக்குப் போய் எழுதத் தொடங்கினார். அந்தோனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டொக்டர், குடிச்சிருக்கானே. எழுதுவீங்களா?"

"வந்திருக்கிறாரே" என்றார் டொக்டர், தலையை நிமிர்த்தாமல்.

இவர் வேலை செய்யலாம், மாதத்தில் ஒரு நாள் லீவு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தத் துண்டோடு அவனுக்கு மரம் திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவன் பால் வெட்டினான். குடியை விட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது, கூடியது, மறுபடி குறைந்தது. கிளர்ச்சியில் நாடு கெட்டுக் கிடந்த அந்த எண்பத்தொன்பதில், பஸ் ஓடாத மாதங்களில்கூட அந்தோனியம்மா மிளகு லொறியில் ஏற்றி அவனைக் கொண்டு போனாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு ஊசி, ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் சொல்ல வந்தது அன்றைக்கு மத்தியானம் நடந்தது. துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அந்தோனியம்மா எங்களை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரொட்டியும் பருப்பும் வந்தது. நோபர்ட் பசியோடு தின்றான். அவள் தன் தட்டைத் தொடவில்லை.

"நோபட்டு, நான் ஒனக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேண்டா. குடிச்சேன்னு சொல்லிச் சொல்லி ஒன் ஊசிய நானே தடுத்துட்டேன்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"ஊசி போட்டா ரெண்டு கிழமையில அவங்க மெதுவாப் பேசுவாங்க. மெதுவாப் பேசினா எனக்குக் குடிக்கத் தேவையில்ல. ஊசி இல்லாட்டிக் கத்துவாங்க. குடிச்சாத்தான் கொஞ்ச நேரம் காது ஓயும். குடிச்சா நீ ஊசிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டே."

"பாவி, இத ஏண்டா எட்டு வருஷமா எங்கிட்டச் சொல்லல?"

நோபர்ட் வாயில் இருந்ததை விழுங்கினான்.

"எங்க குடிச்சே, யாரோட குடிச்சேன்னு கேப்பே. அண்ணனும் கேப்பாரு. எதுக்குடா குடிச்சேன்னு ஒருத்தரும் கேக்கலியே. நானாச் சொன்னா, அவங்க சொல்லிக் குடுத்துத்தான் சொல்றான்னு நெனைச்சிருப்பீங்க."

என்னையும் பார்த்துத்தான் சொன்னான். எட்டு வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தோனியம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சரி. இப்ப கேக்குறேன். ஊசி போட்டு நல்லாத்தானே இருந்தே. நேத்து எதுக்குடா குடிச்சே?"

"நேத்து அவங்க ஒண்ணும் சொல்லலக்கா. நானாத்தான் பயந்துட்டேன். துண்டு கெடைக்காட்டி ஒன்ன எங்க கொண்டு போய் வைப்பேன்னு."

வெளியே யட்டவத்த பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்தோனியம்மா தன் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் எழும்பவில்லை, அடுத்த பஸ்ஸில்தான் போனோம்.